ஊர்ச் சஞ்சிகையும் நம் கடனும்

எழுத விரும்புவோர் பலர். எழுதியதை அச்சிற் காண விரும்புவோர் அவரினும் பலர். பிறர் எழுதியதை விலைகொடுத்து வாங்கி வாசிக்க விரும்புவோரோ மிகச் சிலர். இவ்வுண்மை பழையது. எனினும், அஃது எமது கல்லூரியின் வாயிலுக்குள்ளும் புகுந்து குடியிருக்கின்றதென்பதைச் சென்ற தவணையிலேதான் நாம் கண்கூடாகக் கண்டோம். தமிழ்ச் சங்கக் கூட்டமொன்றிலே, "தமது கதையையோ கவிதையையோ ஏதேனும் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பியவர் கை உயர்த்துக" என்று கேட்டோம். மண்டபத்திற் பாதிக்கு மேற்பட்ட கைகள் எழுந்தன. உள்ளம் பூரித்தது. அடுத்து, "அச்சஞ்சிகையின் ஓரிதழையேனும் இவ்வாண்டிற் பணங்கொடுத்து வாங்காதவர் கையை இறக்குக" என்றோம். எழுந்த கைகள் ஒவ்வொன்றாய்த் தாழ்ந்தன. ஈற்றில் எஞ்சியவை மூன்று. வினாவை எழுப்பிய எமது கைகளும் தாழ்ந்தவற்றுள் அடங்கும் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

அன்று தொட்டு எமது நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கருத்தையே ஈண்டு எழுத முற்பட்டோம். ஊர்ச் சஞ்சிகை என்பது எழுதுவோனுக்கு மட்டும் உரிய வாகனமன்று. வாசிப்போன் தன் கைப்பணத்தாற் காக்க வேண்டிய பொதுச் சொத்து. அச்சஞ்சிகையிலே தன் பெயரைக் காண விரும்புபவன் முதலில் அதன் சந்தாதாரர் பட்டியலிலே தன் பெயரைப் பதிதல் வேண்டும். இதுவே நாம் சொல்லப் புகுந்தது. இதனைச் சொல்லும் உரிமை எமக்கில்லை என்று யாரேனும் கூறின், அவர் கூற்று மெய்யே. ஆயினும், கடன்பட்டவனே கடனின் பாரத்தை நன்கறிவான்.

மிஷன் கல்லூரிகளிற் பயில்வோராகிய நமக்கு இப்பொருள் அந்நியமானதன்று. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் தம் செமினரியை 1823 ஆம் ஆண்டிலே தொடங்கினர். அதிற் கற்றுத் தேறியோரின் துணையோடு 1841 ஆம் ஆண்டிலே 'உதயதாரகை' என்னும் பத்திரிகை தமிழும் ஆங்கிலமுமாய் வெளிவந்தது. அச்செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பின்னர்ச் சென்னை சென்று 'தினவர்த்தமானி'ப் பத்திரிகையின் ஆசிரியராயினார். பழைய ஏடுகளைத் தேடி அச்சேற்றிய அப்பெருமகனார் பத்திரிகைத் தொழிலையும் அறிந்தவரே. ஆகவே, பள்ளிக்கூடமும் பத்திரிகையும் இந்நாட்டிலே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல வளர்ந்தன என்றால் அது மிகையாகாது.

காலம் செல்லச் செல்ல, சமயப் போதனைக்கும் செய்திக்கும் என எழுந்த தாள்கள் இலக்கியத்துக்கும் இடங்கொடுத்தன. நா. பொன்னையா அவர்கள் 1930 இல் நிறுவிய 'ஈழகேசரி' 1958 வரை வெளிவந்து, எழுதப் பழகிய இளைஞர் பலருக்குத் திண்ணைப் பள்ளிபோல் உதவிற்று. அதிற் கைபழகிய இளைஞர் சிலர் கூடி 1946 இல் 'மறுமலர்ச்சி'யைத் தொடங்கினர், வரதரும் அ. செ. முருகானந்தனும் அதனோடு இணைத்துப் பேசப்படுபவர்கள். அது நெடுநாள் வாழ்ந்திலது; எனினும், அதன் பெயரே ஈழத்து இலக்கியத்தில் ஒரு காலப்பகுதிக்குப் பெயராயிற்று. சிற்பி சரவணபவன் அவர்களின் 'கலைச்செல்வி' 1958 முதல் 1966 வரை புதியோரைத் தேடித் தேடி எழுதுவித்தது. இவை ஒன்றன் தோளின்மேல் ஒன்றாய் ஏறி நின்றவை. 'கலைச்செல்வி' ஓய்ந்த அதே 1966 ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்திலே யாழ்ப்பாணத்திற் பிறந்ததுதான் 'மல்லிகை'. நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை; ஆதலின் அதனைச் சற்று விரித்துக் கூறுவோம்.

'மல்லிகை'யின் ஆசிரியர் டொமினிக் ஜீவா அவர்கள் 1927 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே பிறந்தவர். சிகையலங்காரத் தொழில் செய்த குடும்பத்தினர். பள்ளியிலே சகமாணவரோடு ஒரே வாங்கில் அமரும் 'சம ஆசன'த்தின் பொருட்டு வழக்கும் கலகமும் நிகழ்ந்த காலம் அவர் பிள்ளைப் பருவத்துக் காலம். ஆசிரியர் ஒருவரின் வாயிலிருந்து வந்த சாதி வசை அவருடைய படிப்பை இளமையிலேயே நிறுத்திற்று. பள்ளியை விட்டவர் புத்தகத்தை விட்டாரல்லர். கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனிலே கத்தரிக்கோலும் சீப்பும் பிடித்துக்கொண்டே வாசித்தார்; வாசித்துக்கொண்டே எழுதினார். அவருடைய முதற் சிறுகதைத் தொகுதியாகிய 'தண்ணீரும் கண்ணீரும்' இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. பள்ளிக்கூடம் தள்ளிய கையைப் பத்திரிகை பற்றிக்கொண்டது என்பதே இதன் பொருள். பள்ளிக்கூடத்தவராகிய நாம் இதனைத் தலைகுனிந்து கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

அவ்வாறு தாம் பெற்ற வாய்ப்பைப் பிறருக்கும் அளிக்க விரும்பியே அவர் சஞ்சிகை தொடங்கினார் போலும். அவரிடம் முதலீடு இருந்ததில்லை. பின்னின்று தாங்கும் தனவந்தர் இருந்ததில்லை. பட்டமும் பதவியும் இருந்ததில்லை. இருந்தவை சலூனும், நண்பரும், நடக்கச் சளைக்காத இரு கால்களுமே. அச்சாகி வந்த இதழ்களைத் தாமே சுமந்து வீதி வீதியாய்ச் சென்று விற்றார். இலக்கியக் கூட்டம் எங்கு நிகழினும் அதன் வாயிலிலே 'மல்லிகை'யோடு ஜீவா நிற்பார் என்பது யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த காட்சி. பத்திராதிபர் என்போர் மேசையின் பின்னே அமர்ந்து கட்டளையிடுவோர் என்று எண்ணியிருந்தவர்க்கு இது புதுமையாயிருந்திருக்கும். அவரோ இதனை இழிவென்று எண்ணினாரல்லர். தான் விளைத்த நெல்லைத் தானே சந்தைக்குச் சுமந்து செல்லும் கமக்காரன் நாணுவானோ?

'மல்லிகை'யின் வாயில் யாருக்குத் திறந்திருந்தது என்பதைப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சஞ்சிகை யாழ்ப்பாணத்தாருக்கே என்று அவர் வேலியடைத்தாரில்லை. தென்கரையிலுள்ள திக்குவல்லை என்னும் ஊரிலிருந்து எழுதிய திக்குவல்லை கமால் 'மல்லிகை'யில் எழுதி வளர்ந்தார். சிங்களம் மேலோங்கிய நீர்கொழும்பிலிருந்து முருகபூபதி அனுப்பிய முதற் கதை 1972 இல் 'மல்லிகை'யில் வெளிவந்தது. அவருடைய முதற் தொகுதி பின்னர்ச் சாகித்தியப் பரிசு பெற்றது. மலைநாட்டாருக்கும், முஸ்லிம் எழுத்தாளருக்கும், சிங்களக் கதைகளைத் தமிழாக்கித் தந்தோருக்கும் அதன் பக்கங்களில் இடமிருந்தது. ஊர்தோறும் சிறப்பிதழ் வெளியிட்டு, அவ்வூர் எழுத்தாளரை ஒருங்கே நிறுத்திக் காட்டும் வழக்கத்தையும் அச்சஞ்சிகை மேற்கொண்டது. அட்டையிலே நடிகர் படத்துக்கு மாறாக எழுத்தாளரதும் கலைஞரதும் உருவங்களை அச்சிட்டது. எழுதுகின்றவன் முகமும் மதிக்கத்தக்க முகமே என்பதை ஊராருக்குக் காட்டிய செயல் அது.

இத்தகைய சஞ்சிகை எத்துணைக் காலம் வாழ்ந்தது? 1966 முதல் 2012 வரை, நாற்பத்தாறு ஆண்டுகள். வெளிவந்த இதழ்கள் ஏறக்குறைய நானூறு. மாதந்தவறாது வந்திருப்பின் ஐந்நூற்றைம்பதைத் தாண்டியிருக்கும். இவ்விரு தொகைகளுக்கும் இடையேயுள்ள வெளியிலே இந்நாட்டின் துயர் முழுதும் அடங்கிக் கிடக்கின்றது. 1990 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி நின்றது, மின்சாரம் அற்றது, அச்சுத்தாள் அருமருந்தாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்களெல்லாம் ஓரிரவில் ஊரைவிட்டு வெளியேறினர். அதன் பின்னர் 'மல்லிகை' கொழும்பிலே, கதிரேசன் வீதியிலே மீண்டும் பூத்தது. வேரோடு பெயர்க்கப்பட்ட கொடி வேற்றுமண்ணிற் பற்றிக்கொண்டதற்குக் காரணம் யாது? ஆசிரியரின் மனத்திட்பம் பாதி. மறுபாதி, எங்கிருந்தாலும் அதனைத் தேடி வாங்கிய வாசகர். ஜீவா அவர்கள் 2021 ஜனவரியிலே தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார். மறைந்தவரைப் புகழ்வது எளிது. அவர் வாழும்போது இதழுக்குரிய பணத்தைக் கொடுத்தோமா என்பதே வினா.

இது நிற்க. ஊர்ச் சஞ்சிகை இளம் எழுத்தாளனுக்கு அளிப்பது யாது என்பதை ஆராய்வோம். அச்சிற் பெயர் வருதல் என்பர் பலர். அச்சிற் பெயர் வருதல் இனிதே; அதன் இனிமையை மறுப்போமல்லோம். எனினும் அதனினும் பெரிதொன்றுண்டு. அதுதான் அயல்வீட்டு வாசகன். தூரதேசத்து வாசகனுக்கு நாம் எழுதியதெல்லாம் புதுமை. அவன் எதனையும் நம்புவான். அயல்வீட்டு வாசகனோ அங்ஙனமல்லன். பனையிற் பாளை வராத மாரிகாலத்திலே கருப்பணி இறக்கியதாய்க் கதை எழுதின், அவன் வாய்விட்டு நகைப்பான். கடல் சூழ்ந்த நெடுந்தீவுக்குக் கதாநாயகனைப் புகைவண்டியில் அனுப்பின், மறுநாட் காலையிலே படலையைத் தட்டி, "தம்பி, அந்த ரயில் எந்தப் பாலத்தால் போனது?" என்று கேட்பான். அக்கேள்வியின் முன் எந்த இலக்கணமும் நம்மைக் காவாது. அயல்வீட்டு வாசகனுக்கு அஞ்சி எழுதுகின்றவனே மெய்யை எழுதக் கற்கின்றான்.

நகைப்புக்குரிய பிழைகளை மட்டும் அவன் கண்டுபிடிப்பானல்லன். நாம் மறைத்தவற்றையும் கண்டுபிடிப்பான். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே ஒரு சாராருக்குக் குவளையும் வேறு, இருக்கையும் வேறு என்றிருந்த காலத்தை எழுதும் ஒருவன், எல்லாரும் ஒன்றாயமர்ந்து தேநீர் அருந்தியதாய் எழுதிவிடின், வெளியூரார் அதனை இனிய காட்சி என்று மெச்சக்கூடும். அக்கடை வாயிலில் நின்று திரும்பியவனின் மகன் அதனை வாசிக்கும்போது என்ன நினைப்பான்? 'மல்லிகை'யின் வாசகரிலும் எழுத்தாளரிலும் அத்தகையோர் இருந்தனர். அதன் ஆசிரியரே அத்தகையவர். ஆதலின் அதன் பக்கங்களிலே பொய் எழுதுதல் எளிதாயிருந்ததில்லை. ஒரு பிரதேசம் தன்னைத் தானே உள்ளவாறு பார்த்துக்கொள்ளும் கண்ணாடி அப்பிரதேசத்துச் சஞ்சிகையே. தலைநகரத்துப் பெரும் பத்திரிகைகள் நமக்கு உலகத்தைக் காட்டுவன. நம்மை நமக்குக் காட்டுதல் அவற்றின் தொழிலன்று.

இரண்டாவது பேறு, ஆசிரியரின் மறுப்பு. இதனைப் பேறு என்று கூறுதல் கண்டு மாணவ நண்பர் சிலர் சினப்பர். நாமும் முதலிற் சினந்தோமே! எமது கட்டுரையொன்று திரும்பி வந்தபோது, ஓரத்திலே பென்சிலால் "இந்தச் சொல்லை உமது வீட்டில் யார் வழங்குகின்றார்?" என்று எழுதியிருந்தது. மூன்று நாட்கள் அச்சஞ்சிகையாரைத் தூற்றித் திரிந்தோம். நான்காம் நாள் அச்சொல்லை அடித்தோம். அதற்குப் பின் அதனை ஒருகாலும் எழுதினோமல்லோம். பெரிய பத்திரிகை மறுக்கும்போது மௌனமே விடையாய் வரும். சிறிய சஞ்சிகையின் ஆசிரியரோ, நேரமின்மையிடையேயும் ஒரு வரி எழுதுகின்றார். அல்லது சந்தியிற் கண்டபோது தோளிற் கைவைத்துச் சொல்கின்றார். ஆசிரியர் ஒருவர் ஊதியமின்றி நமக்கு வாய்த்தாராயின், அதனைப் பேறென்னாது வேறென்ன கூறுவது?

இனி, இச்சஞ்சிகைகள் ஏன் மடிகின்றன என்பதைக் காண்போம். எழுதுவோர் இன்மையால் மடிந்த சஞ்சிகை ஒன்றையும் நாம் அறியோம். அவற்றைக் கொல்வது கணக்கு. தாள் வாங்கக் காசு உடனே வேண்டும். அச்சகத்தாருக்குக் காசு உடனே வேண்டும். தபாற்றலை ஒட்டக் காசு உடனே வேண்டும். வருங்காசோ அவ்வாறு வருவதில்லை. கடைக்காரர் தம் தரகைக் கழித்துக்கொண்டு, விற்றதற்குரிய பணத்தை அடுத்த இதழ் வந்தபின் தருவேன் என்பார். அடுத்த இதழ் வந்தபின் அதற்கடுத்த இதழைக் காட்டுவார். விற்காத பிரதிகள் ஓரம் மடிந்து திரும்பி வரும். நண்பர்களோ, நண்பர் என்னும் உரிமையால் இலவசப் பிரதி கேட்பர். எழுதியவர் தமக்கொன்றும், தம் மாமனாருக்கொன்றும், கல்லூரி அதிபருக்கொன்றுமாக மூன்று கேட்பர். இவ்வாறு அன்பினாலேயே ஒரு சஞ்சிகையைப் பட்டினி போடும் வித்தையில் நாம் வல்லவர்.

ஈயவெழுத்துக்களைக் கையாற் பொறுக்கிக் கோத்த காலத்திலே இவ்வுழைப்பைக் கண்ணாற் காணவேனும் முடிந்தது. அச்சுக்கோப்பவர் கால் கடுக்க நின்று, பெட்டியின் அறைகளிலிருந்து எழுத்தெழுத்தாய் எடுத்து வரியாக்கி, வரியைப் பக்கமாக்கி, பிழை திருத்தி, அச்சேற்றியபின் மீண்டும் எழுத்தெழுத்தாய்ப் பிரித்து அறைகளில் இடுவார். அக்கருவிகள் இன்று காட்சிப் பொருளாயின. கணினி வந்தமையால் உழைப்புக் குறைந்தது உண்மை. தாளின் விலையும் தபாலின் விலையும் குறைந்தனவல்ல. ஆகவே, "இப்போது எல்லாம் எளிதாயிற்றே" என்று கூறுவோர் சஞ்சிகையின் ஒரு பாதியை மட்டுமே அறிந்தவராவர்.

இதற்கு எதிராய்க் கூறப்படும் வாதங்களையும் மறைத்தல் அறமன்று. இப்போது கைப்பேசியிலேயே எவரும் எதனையும் எழுதி, அக்கணமே ஆயிரம் பேருக்குக் காட்டலாமே; தாளும் சந்தாவும் எதற்கு என்பர் சிலர். எழுதிய உடனே வெளியிடுதல் வசதியே. நாமும் அவ்வசதியை அனுபவிப்பவரே. ஆனால், வெளியிடுமுன் ஒருவர் தடுத்து, "இன்னும் ஒருமுறை எழுதுக" என்று சொல்லும் இடம் அங்கில்லை. அங்கு வருகின்ற பாராட்டு ஒரு விரலசைவு, வாசிக்காமலே அளிக்கக்கூடியது. சஞ்சிகைக்குப் பணங்கொடுத்தவனோ வாசிக்காதிரான். கொடுத்த பணமே அவனை வாசிக்கத் தூண்டும். தாளில் வந்தாலென்ன, திரையில் வந்தாலென்ன, தெரிவு செய்யும் ஆசிரியரும் தாங்கி நிற்கும் வாசகரும் உள்ள இடமே சஞ்சிகை. அவ்விருவரும் இல்லாத இடம் சந்தையிரைச்சல்.

ஊர்ச் சஞ்சிகைகளிலே தரம் குறைவு, குழுமனப்பான்மை மிகுதி என்பது மற்றொரு வாதம். இதிற் சிறிதும் உண்மையில்லை என்று நாம் சொல்லத் துணியோம். 'மல்லிகை' முற்போக்கு அணியினரின் சார்பு கொண்டதென்பது யாவரும் அறிந்தது. அச்சார்பினை ஏலாத இளைஞர் என்ன செய்தனர்? வீட்டிலிருந்து முணுமுணுத்தாரல்லர். அதே யாழ்ப்பாணத்திலே 1975 இல் 'அலை' என்னும் சஞ்சிகை எழுந்தது, அ. யேசுராசா முதலியோர் அதனை நடத்தினர்; மாற்றுக் கருத்துக்கு அது களமாயிற்று. இரண்டையும் வாங்கி வாசித்தவன் இரண்டினாலும் வளர்ந்தான். ஒரு சஞ்சிகையின் குறைக்கு மருந்து இன்னொரு சஞ்சிகையே. சஞ்சிகையே இல்லாமை மருந்தன்று. தரத்தைப் பற்றியும் அவ்வாறே கூறலாம். இதழில் வந்த பத்துக் கதைகளிலே ஒன்று நின்றாற் போதும். 'மல்லிகை', 'மறுமலர்ச்சி', 'ஈழகேசரி' ஆகியவற்றில் வந்த கதைகளைச் செங்கை ஆழியான் அவர்கள் பின்னாளிலே தேர்ந்து தொகுத்தார். அன்று அவ்விதழ்கள் எல்லாவற்றையும் வெளியிட்டிராவிடின், அவர் தேர்வதற்கு எதுதான் இருந்திருக்கும்? நாற்றங்கால் இல்லாத ஊரிலே நடுகை எங்ஙனம் நிகழும்?

வாங்கினாற் போதாது; காத்தலும் வேண்டும். 1981 ஜூன் மாத முதல் நாளை ஒட்டிய இரவிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. நூல்களுக்காயினும் வேறிடத்திற் படியிருத்தல் கூடும். சிறுசஞ்சிகையின் இதழ்கள் அங்ஙனம் கிடைப்பதரிது. அவை வாசித்தபின் கடலை சுற்றப்படுவன. மழைக்குக் கூரையொழுக்கு அடைக்கப்படுவன. 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் இணைய நிறுவனத்தார் இத்தகைய இதழ்களைத் தேடி, ஒளிவருடி, எவரும் வாசிக்குமாறு வைத்துள்ளனர்; 'மல்லிகை' இதழ்களும் அங்குள. அவர்களுக்கு அவ்விதழ்கள் எங்கிருந்து கிடைத்தன? பணங்கொடுத்து வாங்கிய ஒருவர், கறையானுக்கும் கலகத்துக்கும் தப்பவைத்துப் பெட்டியிற் பூட்டி வைத்தமையாலன்றோ? பெயரறியாத அச்சந்தாதாரர்களே நம் இலக்கியத்தின் மெய்யான புரவலர்.

ஆதலின், எமது கல்லூரியாரிடத்துச் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, மாணவர்க்கு: வகுப்பொன்று சேர்ந்து ஊர்ச் சஞ்சிகையொன்றுக்கு ஓராண்டுச் சந்தா செலுத்துக. முப்பது பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு வரும் செலவு ஒருநாட் சிற்றுண்டிச் செலவையும் எட்டாது. இதழ் வந்த கிழமையிலே ஒரு பாடவேளையிற் கூடி, அதில் வந்த ஒரு கதையை உரக்க வாசித்து, நன்றும் தீதும் பேசி, அப்பேச்சை ஒரு கடிதமாக்கி ஆசிரியருக்கு அனுப்புக. பணமும் கடிதமும் ஒருங்கு வரும் நாளிலே ஒரு சஞ்சிகையாசிரியர் அடையும் மகிழ்ச்சி, பரிசு பெற்ற நாளிலும் அடையாத மகிழ்ச்சி. தம் படைப்பை அனுப்புவோர் அதன்பின் அனுப்புக.

இரண்டாவது, ஆசிரியப் பெருமக்களுக்கும் நூலகத்தாருக்கும்: வரும் இதழ்களை ஆண்டுதோறும் கட்டிப் பாதுகாக்குமாறு வேண்டுகின்றோம். பாடநூலிலே ஒரு கதாசிரியரின் பெயரைக் கற்பிக்கும்போது, அவர் முதன்முதல் எழுதிய இதழ் இன்னதென்று காட்டினால், "அவரும் எம்மைப்போல ஒருகாலத்திற் புதியவரே" என்னும் துணிவு பின்வாங்கிற் பிள்ளைக்குப் பிறக்கும். அப்பின்வாங்கிலே யார் அமர்ந்திருக்கின்றார் என்பது நமக்குத் தெரியாது. முன்னொரு நாள் ஒரு பள்ளிக்கூடம் ஒரு சிறுவனை அடையாளம் காணத் தவறிற்று. அத்தவற்றை மீண்டும் செய்யாதிருப்போமாக.

மூன்றாவது, கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கு: மண்டபங்களுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் தாங்கள் வழங்கும் கொடையை நன்றியோடு நினைக்கின்றோம். அக்கொடையின் ஒரு சிறு கூறு, தாங்கள் கற்ற கல்லூரியின் பெயராலே 'ஜீவநதி', 'ஞானம்' போன்று மண்ணிலிருந்து எழுந்த சஞ்சிகைகளுக்குச் சந்தாவாய்ச் செல்லுமாயின், கல்லாலும் சாந்தாலும் கட்டிய மண்டபத்தைப் போலவே அதுவும் பயன்தரும். இலவசப் பிரதி மட்டும் கேளாதிருப்பீர்களாக.

இவ்வளவும் எழுதியபின் எம்மையே நாம் வினவிக்கொள்ளுதல் முறை. இக்கட்டுரை முடியுமுன் ஊர்ச் சஞ்சிகையொன்றுக்கு ஓராண்டுச் சந்தாவை அனுப்பிவிட்டோம். அதன் பற்றுச்சீட்டு எமது மேசையிலே கிடக்கின்றது. இது பெருஞ்செயலன்று, நெடுநாட் கடனில் ஒரு தவணையே. அடுத்த ஆண்டு இதே தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் அதே இரு வினாக்களையும் மீண்டும் எழுப்புவோம். முதல் வினாவுக்கு எழும் கைகள் குறையாதிருப்பனவாக! இரண்டாம் வினாவுக்குத் தாழும் கைகள் சிலவே ஆகுக!